குர்லாவிலிருந்து கொலனோஸ்கோபிக்கு: எங்கே, எவ்வளவுக்கு?

மலத்தோடு ரத்தம் போகிறது என்றால் மும்பையில் யாருக்கும் முதலில் கிடைக்கும் பதில் மூலம் என்பதுதான். லோக்கல் ரயில் பெட்டியில் ஒட்டியிருக்கும் பவாசீர் (மூலம்), பகந்தர் (பௌத்திரம்) விளம்பரங்கள் அதைச் சொல்கின்றன. மருந்துக் கடைக்காரரும் அதையே சொல்லி ஒரு களிம்பைக் கொடுக்கிறார். ஊரிலிருந்து போனில் பேசும் அத்தை, உடம்பு சூடு, மோர் குடி, கருணைக்கிழங்கு சாப்பிடு என்கிறார். பெரும்பாலோருக்கு அது மூலமாகவே இருந்துவிடுகிறது. இல்லாத சிலருக்குத்தான் ஆறு மாதம், ஒரு வருடம் என்று களிம்பிலேயே நாள் ஓடிவிடுகிறது. அவர்களில் சிலர் பெருங்குடல் அல்லது மலக்குடல் புற்றுநோயோடு பரேலில் டாடா ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்கிறார்கள். இந்தியாவில் இந்தப் புற்றுநோய் மேலை நாடுகளைவிடக் குறைவு. ஆண்டுக்கு லட்சம் பேரில் ஐந்து பேர் என்ற அளவில் இருக்கிறது. ஆனால் நம்மிடையே நாற்பதுகளிலும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் இதில் கணிசம். மிகப் பலர் நோய் முற்றிய பிறகே வருகிறார்கள்.

டாக்டர் சீட்டில் கொலனோஸ்கோபி என்று எழுதிக் கொடுத்ததும் நேருநகர் வீட்டிலும் காமானி சாலிலும் எழும் கேள்வி ஒன்றுதான். எங்கே செய்வது, எவ்வளவு ஆகும்? நாலு இடத்தில் போன் போட்டு விசாரித்தால் நாலு விதமான தொகை வரும். குறைந்ததைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். கையில் காசு இருப்பவர்களுக்கு, அதிகமாகக் கேட்கிற இடம்தான் நல்ல இடம் என்று தோன்றும். இரண்டுமே தவறான வழி என்பது என் முடிவு. ஒப்பிட வேண்டியது போனில் சொல்லும் தொகையை அல்ல. சுத்தமான குடலில், கடைசி வரை போய், பாலிப் எனப்படும் சதை வளர்ச்சி தெரிந்தால் அப்போதே எடுத்து, மறுபடி செய்ய வேண்டிய அவசியமில்லாத ஒரு பரிசோதனைக்கு வீட்டிலிருந்து கிளம்பித் திரும்பும் வரை மொத்தம் என்ன ஆகும் என்பதைத்தான் ஒப்பிட வேண்டும். குர்லா, தாராவி போன்ற இடங்களில் அந்த மொத்தத்தைத் தீர்மானிப்பது பல நேரம் ஆஸ்பத்திரியே அல்ல. வீட்டில் கக்கூஸ் இருக்கிறதா என்பது.

சோதனை பற்றிச் சுருக்கமாக. மெல்லிய கண்ணாடி இழைகளைக் கட்டாகச் சேர்த்தால் வளைந்த பாதையிலும் படத்தைக் கடத்தலாம் என்று 1954இல் நேச்சர் இதழில் எழுதியவர்களில் ஒருவர் பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானி. அந்த வழியில் வந்த வளையும் குழாயைக் கொண்டு 1969இல் நியூயார்க்கில் வில்லியம் உல்ஃப், ஹிரோமி ஷின்யா என்ற இரு அறுவை மருத்துவர்கள் வயிற்றைத் திறக்காமலேயே பெருங்குடலிலிருந்து பாலிப்பைச் சுருக்குக் கம்பியால் எடுத்தார்கள். இன்று குழாயின் நுனியில் சின்னக் கேமரா. ஆசனவாய் வழியாக நுழைந்து, ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் பெருங்குடலைக் கடந்து, சிறுகுடல் வந்து சேரும் சீக்கம் என்ற இடம் வரை போகிறது. பெரும்பாலான பாலிப் ஒன்றும் செய்யாது. சில பத்து வருடம் போலக் காலம் எடுத்துப் புற்றாக மாறும். அதை முன்னமே எடுத்துவிடலாம் என்பதுதான் இந்தச் சோதனையின் பெரிய வரம்.

யாருக்கு இது வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தேவையில்லாத கொலனோஸ்கோபிதான் இருப்பதிலேயே விலை கூடியது. அமெரிக்காவில் 45 வயதானால் எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கும் குடல் புற்றுச் சோதனை பரிந்துரைக்கப்படுகிறது. இங்கிலாந்தில் முதலில் வீட்டுக்கே ஒரு மலச் சோதனைப் பெட்டி தபாலில் வரும். அதில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தால்தான் கொலனோஸ்கோபிக்குக் கூப்பிடுவார்கள். லண்டனில் இருக்கும் நம் உறவினர்கள் அதைச் சொல்லிக் கேட்டு, தமக்கும் வேண்டுமோ என்று இங்கே பயப்படுகிறவர்கள் உண்டு. இந்திய அரசின் புற்றுநோய்க் கண்டறியும் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றுதான் இருக்கின்றன, குடல் இல்லை. நோய் குறைவாக இருக்கும் நாட்டில் அது நியாயமான முடிவே. நமக்கு இந்தச் சோதனை பெரும்பாலும் தொந்தரவு வந்த பிறகுதான். நிற்காத ரத்தப் போக்கு. வாரக் கணக்கில் மாறிப்போன மலப் பழக்கம். காரணமில்லாத எடைக் குறைவு. ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புச் சத்துக் குறைவால் வரும் ரத்த சோகை. அப்பா, அம்மா, உடன்பிறந்தவருக்குக் குடல் புற்று இருந்த குடும்பம். இவற்றில் ஒன்று இருந்தால் தள்ளிப்போடக் கூடாது.

மும்பைக்கு இன்னொரு காரணமும் உண்டு, அது காசநோய். நுரையீரலை மட்டும் தாக்கும் நோய் என்று பலர் நினைக்கிறார்கள். அது குடலிலும் வரும், குறிப்பாகச் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில். வலது அடிவயிற்று வலி, லேசான காய்ச்சல், எடை இறங்குதல். கிரோன் என்ற குடல் அழற்சி நோயும் அதே இடத்தில் அதே மாதிரிதான் தோன்றும். ஒன்றுக்குக் காசநோய் மாத்திரை. மற்றதற்கு நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து. மாற்றிக் கொடுத்தால் ஆபத்து. குழாய் சீக்கத்தையும் தாண்டிச் சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குள் எட்டிப் பார்த்து, அங்கிருந்து சதை எடுத்து அனுப்பினால்தான் பிரித்தறிய முடியும். ஆகவே நம் ஊரில் பாதி வழியில் நிறுத்திய கொலனோஸ்கோபி வெறும் குறையல்ல. அது தவறான சிகிச்சைக்கே வழி திறந்துவிடும்.

மறுபக்கமும் உண்டு. முப்பது வயது, முக்கிப் போகும்போது மட்டும் சொட்டும் சிவந்த ரத்தம், குடும்பத்தில் யாருக்கும் ஒன்றுமில்லை என்றால், முதலில் விரல் பரிசோதனையும், ஆசனவாயைச் சிறு குழாயால் பார்க்கும் பிராக்டோஸ்கோபியும் போதும். வேண்டுமானால் இடது பக்கக் குடலை மட்டும் பார்க்கும் சிக்மாய்டோஸ்கோபி. அதற்குச் செலவும் தயாரிப்பும் குறைவு. வெறும் வயிற்று உப்புசத்துக்கும் மாறி மாறி வரும் மலத்துக்கும் மலத்தில் கால்புரோடெக்டின் அளவைப் பார்த்தால் அழற்சி இருக்கிறதா என்று ஓரளவு தெரிந்துவிடும். ‘இதைவிடச் சின்னச் சோதனையில் முடியுமா?’ என்று டாக்டரிடம் கேட்பதில் தப்பே இல்லை.

பில்லுக்குள் என்னென்ன இருக்கிறது

மும்பைத் தனியார் இடங்களில் கொலனோஸ்கோபிக்கு இன்று சொல்லும் தொகை ஏறக்குறைய 6,000 ரூபாயில் தொடங்கி, பெரிய கார்ப்பரேட் ஆஸ்பத்திரிகளில் 25,000 ரூபாயையும் தாண்டுகிறது. மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் பத்து ரூபாய்க் கேஸ் பேப்பரில் தொடங்கி, சோதனைக் கட்டணமும் வெளியில் வாங்கும் மருந்துகளும் சேர்ந்து சில நூறிலிருந்து ஓரிரு ஆயிரத்துக்குள் அடங்கும். தொகைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். கவனிக்க வேண்டியது அந்தத் தொகைக்குள் எது அடக்கம், எது வெளியே என்பது.

போனில் ‘ஏழாயிரம்’ என்பார்கள். அது பெரும்பாலும் குழாய் விட்டுப் பார்ப்பதற்கான கட்டணம் மட்டும். முன்னால் ஒரு கன்சல்டேஷன். ரத்தப் பரிசோதனைகள்: ஹீமோகுளோபின், ரத்தம் உறையும் நேரம், எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமிகள். குடல் கழுவும் பவுடர். புரோபோஃபால் கொடுத்துத் தூங்க வைப்பதானால் மயக்க மருந்து டாக்டருக்குத் தனிக் கட்டணம். மிடசோலம் போன்ற லேசான ஊசி என்றால் அது இல்லை. டே கேர் படுக்கைக்கு ஒரு தொகை. சதை எடுத்தால் பயாப்சி லேபின் கட்டணம். பல லேப்களில் அது டப்பா ஒன்றுக்கு இவ்வளவு என்று இருக்கும். குடலின் நாலு இடத்திலிருந்து எடுத்து நாலு டப்பாவில் போட்டால் நாலு மடங்கு. பாலிப் எடுத்தால் சுருக்குக் கம்பி, ஊசி, ரத்தம் நிறுத்தும் கிளிப் என்று ஒவ்வொன்றும் தனி. கிளிப் ஒன்றே ஆயிரக் கணக்கில் போகும். ஏழாயிரம் என்று கிளம்பிய கணக்கு இருபதாயிரத்தில் வந்து நிற்பதற்கு யாரும் ஏமாற்ற வேண்டியதில்லை. கேட்காமல் விட்டாலே போதும்.

எனவே போனிலேயே கேட்டுவிட வேண்டும்: மயக்க டாக்டர், ஊசி, படுக்கை எல்லாம் சேர்த்து எவ்வளவு? பயாப்சி டப்பாவுக்கு எவ்வளவு? சின்ன பாலிப் இருந்தால் அதே நேரத்தில் எடுப்பீர்களா, எடுத்தால் மொத்தம் எவ்வளவு வரை போகும்? கடைசிக் கேள்விதான் முக்கியமானது. சில சிறிய மையங்களில் பாலிப்பைப் பார்த்துவிட்டு, பெரிய இடத்துக்குப் போங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். பெரிய, சிக்கலான பாலிப்புக்கு அது சரி. ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே இருப்பதற்கும் அதையே செய்தால், பேதி மருந்து, லீவு, கட்டணம் எல்லாம் இரண்டாவது தடவை.

இப்படிப் பில் ஏறுவது நம் ஊர் நோய் மட்டுமல்ல. 2013 ஜூனில் நியூயார்க் டைம்ஸில் எலிசபெத் ரோசன்தால் அமெரிக்க மருத்துவச் செலவைப் பற்றி எழுதத் தொடங்கியபோது முதல் உதாரணமாக எடுத்துக்கொண்டது கொலனோஸ்கோபியைத்தான். ஒரே சோதனைக்கு ஆறாயிரம் டாலரிலிருந்து பத்தொன்பதாயிரம் டாலர் வரை பில் வந்திருந்ததை அவர் காட்டினார். மயக்க மருந்து டாக்டரின் கட்டணமும் செய்யும் இடத்தின் கட்டணமும்தான் தொகையை ஏற்றிவிட்டன. மும்பையிலும் விலையைப் பிரிப்பவை அவைதான். குழாயும் கேமராவும் எல்லா இடத்திலும் ஒலிம்பஸ், ஃபியூஜிஃபிலிம், பென்டாக்ஸ் என்ற மூன்று ஜப்பானியப் பெயர்களில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

கட்டணப் பட்டியலைக் கேட்பது நம் உரிமை. 2021இல் திருத்தப்பட்ட மகாராஷ்டிர நர்சிங் ஹோம் பதிவு விதிகளின்படி, நோயாளி உரிமைச் சாசனத்தையும் சேவைகளின் கட்டணத்தையும் ஆஸ்பத்திரிகள் பார்வையில் படும்படி வைக்க வேண்டும். நாடு முழுவதற்கும் ஒரு பொதுக் கட்டணம் வகுக்கச் சொல்லி 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசை நெருக்கியது. நடைமுறையில், எழுத்தில் எஸ்டிமேட் கேட்கும் நோயாளிக்குத்தான் ஒழுங்கான கணக்கு கிடைக்கிறது.

கட் பற்றியும் பேசியாக வேண்டும். நோயாளியை அனுப்பும் டாக்டருக்குச் சோதனை மையம் கொடுக்கும் கமிஷனைத்தான் மும்பையில் அப்படிச் சொல்கிறார்கள். 2017இல் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் இருக்கும் ஏஷியன் ஹார்ட் இன்ஸ்டிடியூட், டாக்டர்களுக்குக் கமிஷன் கொடுப்பதில்லை என்று பெரிய பலகை வைத்தது. மருத்துவர் சங்கம் கோபப்பட்டது, ஊரே பேசியது. அதே ஆண்டு மகாராஷ்டிர அரசு கட் முறையைத் தடுக்கச் சட்ட வரைவும் தயாரித்தது. அந்த வரைவு சட்டமாகவில்லை. அதனால், டாக்டர் ஒரே ஒரு மையத்தின் பெயரை எழுதி அங்கேதான் போக வேண்டும் என்றால், வேறு இடத்தில் செய்தால் என்ன என்று கேளுங்கள். நல்ல காரணம் இருந்தால் அவர் சொல்வார்: அங்கே உள்ளவர் நன்றாகச் செய்வார், எனக்குத் தெரியும் என்பது நல்ல காரணமே.

கக்கூஸ் கணக்கு

பணத்தைவிடப் பெரிய விஷயம் இது. கொலனோஸ்கோபியின் வெற்றி தோல்வி முந்தைய நாள் இரவே பாதி முடிந்துவிடுகிறது. குடல் சுத்தமாக இல்லாவிட்டால் எவ்வளவு கெட்டிக்கார டாக்டரானாலும் மலத்துக்கு அடியில் இருப்பதைப் பார்க்க முடியாது. உலகெங்கும் நாலில் ஒருவர் அல்லது ஐந்தில் ஒருவருக்கு இந்தத் தயாரிப்பு போதாமல் போகிறது.

பவுடரைக் கரைத்துக் குடிக்க வேண்டும். பாலிஎதிலீன் கிளைகாலும் உப்புகளும் சேர்ந்த கலவைதான் அது. சென்னை நிறுவனமான டேப்லட்ஸ் இந்தியாவின் பெக்லெக் பாக்கெட் இங்கே பலருக்குத் தெரியும். ஒரு பாக்கெட்டுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். விலை சில நூறு ரூபாய். முழுவதையும் முந்தைய நாள் குடித்து முடிப்பதைவிட, பாதியை இரவிலும் மீதியைச் சோதனைக்கு நாலைந்து மணி நேரம் முன்பும் குடித்தால் குடல் நன்றாகச் சுத்தமாகும் என்பது நன்கு நிறுவப்பட்ட விஷயம். சோதனை காலை ஒன்பது மணிக்கு என்றால் இரண்டாவது பாதி விடியற்காலை நாலு மணிக்கு. குடித்து அரை மணியில் ஆரம்பிக்கும். பத்துத் தடவையோ அதற்கு மேலோ போக வேண்டிவரும்.

வீட்டுக்குள் கக்கூஸ் இருப்பவர்களுக்கு இது ஓர் அசௌகரியம், அவ்வளவுதான். சாலில், ஜோபட்பட்டியில், பொது சண்டாஸுக்கு வாளியோடு நடக்க வேண்டிய வீட்டில் இருப்பவருக்கு இதுவே சோதனையைவிடப் பெரிய சோதனை. நாலு மணி இருட்டில் ஒரு பெண் பத்துத் தடவை எப்படிப் போய் வருவாள்? ஆறு மணிக்கு மேல் போனால் வரிசை. காசு கொடுத்துப் போகும் சுலப் வகைக் கழிப்பறையானால் ஒவ்வொரு தடவைக்கும் காசு. காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரம் வேறு கொஞ்சம்தான். முட்டி வலியுள்ள அறுபத்தைந்து வயதுக்காரருக்கு மாடிப்படி வேறு. இதற்கெல்லாம் பயந்து பவுடரில் பாதியைக் கொட்டிவிட்டு, ‘குடிச்சிட்டேன்’ என்று சொல்லிப் போய்ப் படுத்துவிடுவார்கள். ரிப்போர்ட்டில் ‘தயாரிப்பு போதவில்லை, மறுபடி செய்யவும்’ என்று வரும். அந்த மறுபடிக்கான செலவை எந்தக் கட்டணப் பட்டியலும் காட்டுவதில்லை.

இதற்கு மூன்று வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. முந்தைய நாளே அட்மிட் ஆகி ஆஸ்பத்திரியில் குடிப்பது. வயதானவர், சர்க்கரை நோயாளி, வீட்டில் கக்கூஸ் இல்லாதவர் என்று காரணம் சொல்லிக் கேட்டால் வார்டில் படுக்கை இருக்கும்போது அரசு, மாநகராட்சி ஆஸ்பத்திரிகளிலும் தருவதுண்டு. தனியாரில் ஒரு இரவுப் படுக்கைக் கட்டணம் கூடும், ஆனால் அது பாழாகும் ஒரு கொலனோஸ்கோபியைவிடக் குறைவு. அடுத்தது, குடிசை மறுவாழ்வுக்காகக் கட்டிய எஸ்ஆர்ஏ பில்டிங்கில் உள்ளே கக்கூஸ் வைத்த ஃபிளாட்டுக்குப் போய்விட்ட அக்கா வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ ஓர் இரவு தங்குவது. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. என்ன சோதனை என்று சொல்லிக் கேளுங்கள். மூன்றாவது, மதிய நேரத்துக்கு நம்பர் கேட்பது. காலை வரிசை ஓய்ந்த பிறகு, எட்டு மணிக்கு மேல் இரண்டாவது பாதியைக் குடிக்கலாம். ஆனால் மதியம் வரை வெறும் வயிறு. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் அளவை முன்கூட்டியே கேட்டுக் குறைக்காமல் இதைச் செய்யக் கூடாது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்றவற்றையும் தாமாக நிறுத்தாமல், எதை எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இரும்பு மாத்திரையை மட்டும் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அது மலத்தைக் கருப்பாக்கிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

சாப்பாட்டிலும் நம் வீட்டுக்கேற்ற கணக்கு வேண்டும். ஆஸ்பத்திரித் தாளில் பிரெட், சூப் என்று இருக்கும். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கீரை, முருங்கைக்காய், கேழ்வரகு, எள், கொய்யா, தக்காளி விதை, சுண்டல் வேண்டாம். வெள்ளைச் சோறு, இட்லி, தயிர் இருக்கலாம். முந்தைய நாள் வடிகட்டிய ரசம், இளநீர், சர்க்கரைத் தண்ணீர், பால் சேர்க்காத டீ. கோகம் சர்பத்தும் ரூஅப்சாவும் வேண்டவே வேண்டாம். கேமராவில் அந்தச் சிவப்பு ரத்தம் போலத் தெரியும்.

பவுடர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கொஞ்சமாகக் குடித்தால் போதும் என்பதால் சிலருக்குச் சோடியம் பாஸ்பேட் மருந்து பிடித்துப்போகும். சிறுநீரகத்தைக் கெடுக்கும் ஆபத்து உண்டு என்று 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு வலுவான எச்சரிக்கை விடுத்தது. சிறுநீரகக் கோளாறு, இதய நோய், ரத்த அழுத்த மாத்திரை உள்ளவர்கள் கடையில் தாமே வாங்காமல் டாக்டர் எழுதியதையே குடிக்க வேண்டும்.

கூட ஒருவர் வர வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள். மயக்க ஊசி போட்டால் அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது, தனியாக ரயில் ஏறவும் கூடாது. தினக்கூலிக்காரர் வீட்டில் இரண்டு பேருடைய ஒரு நாள் கூலி போகிறது. நம்பர் வாங்க ஒரு நாள், ரத்தப் பரிசோதனைக்கு ஒரு நாள், பயாப்சி ரிப்போர்ட்டுக்கு ஒரு நாள் என்று அலைந்தால் மாநகராட்சி ஆஸ்பத்திரியின் குறைந்த கட்டணம் அந்த நாட்களில் கரைந்துவிடும். அதற்காக அரசு ஆஸ்பத்திரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனையையும் மயக்க டாக்டரின் ஒப்புதலையும் ஒரே நாளில் முடிக்கும்படி கேட்டு வாங்குங்கள் என்கிறேன்.

நன்றாகச் செய்வது என்றால் என்ன

இங்கே ஆராய்ச்சி தெளிவாகவே பேசுகிறது. நல்ல கொலனோஸ்கோபி என்பதற்கு மருத்துவ உலகம் சில அளவுகோல்கள் வைத்திருக்கிறது. குழாய் சீக்கம் வரை போன விகிதம் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இருக்க வேண்டும். வெளியே இழுக்கும்போதுதான் உண்மையில் பார்க்கிறார்கள் என்பதால், இழுக்க எடுக்கும் நேரம் குறைந்தது ஆறு நிமிடம். 2006இல் வெளியான ஓர் ஆய்வு, அதைவிட வேகமாக இழுத்தவர்கள் குறைவான பாலிப்புகளைக் கண்டுபிடித்ததைக் காட்டியது. 2024இல் அமெரிக்க வழிகாட்டுதல் இதை எட்டு நிமிடமாக உயர்த்தியிருக்கிறது. புற்றாக மாறக்கூடிய அடினோமா வகை பாலிப்பை ஒரு டாக்டர் எத்தனை சதவீதம் பேரிடம் கண்டுபிடிக்கிறார் என்பது இன்னொரு அளவு. அந்தச் சதவீதம் ஒன்று கூடினால், பின்னால் புற்றுநோய் வரும் அபாயம் மூன்று சதவீதம் குறைகிறது என்று 2014இல் ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு சொன்னது. இந்தியர்களுக்கு பாலிப் குறைவு. அந்த எண்ணை அப்படியே இங்கே எதிர்பார்க்க முடியாது. மற்ற இரண்டையும் எதிர்பார்க்கலாம்.

டாக்டரிடம் ‘உங்கள் சதவீதம் என்ன’ என்று கேட்க நம்மில் பலருக்குக் கூச்சமாக இருக்கும். ரிப்போர்ட்டைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். குடல் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்று எழுதியிருக்கிறதா? பாஸ்டன் அளவுகோல் என்று ஒன்று உண்டு. 9க்கு 6க்குக் குறையாமல் இருக்க வேண்டும். சீக்கமும் அதன் அருகில் அப்பென்டிக்ஸ் துளையும் படத்தில் இருக்கிறதா? சிறுகுடலின் கடைசிப் பகுதியைப் பார்த்தார்களா? இழுத்த நேரம் குறித்திருக்கிறதா? அதே மையத்தில் அண்ணனுக்கோ பக்கத்து வீட்டுக்காரருக்கோ செய்த ரிப்போர்ட்டை வாங்கிப் பாருங்கள். ஓர் இடத்தின் தரத்துக்கு அதைவிட நல்ல விளம்பரம் இல்லை.

குழாயைச் சுத்தம் செய்யும் முறையும் கேட்கத் தகுந்ததுதான். உள் வழிகளைப் பிரஷ் விட்டுக் கழுவி, குளூட்டரால்டிஹைடு போன்ற கிருமிநாசினியில் குறித்த நேரம் ஊறவைத்து, நல்ல நீரில் அலசி, உலர்த்த வேண்டும். ஒரே ஒரு குழாயை வைத்துக்கொண்டு வரிசையாக நோயாளிகளை இறக்கிக்கொண்டிருந்தால் அதற்கு நேரம் எங்கிருந்து வரும்? எத்தனை ஸ்கோப் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் பதில் கிடைத்துவிடும்.

குர்லாவிலிருந்து போகும் வழிகள்

குர்லா மேற்கில் ஸ்டேஷனுக்கு அருகில் இருப்பது மாநகராட்சியின் பாபா ஆஸ்பத்திரி. பாந்த்ராவிலும் ஒரு பாபா இருப்பதால் நம்முடையதைக் குர்லா பாபா என்பார்கள். முதலில் அங்கே ஓபிடியில் காட்டி, விரல் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும் முடித்து, மேலே எழுதி வாங்குவது நல்ல தொடக்கம். அடுத்த ஸ்டேஷன் சயான். அங்கேயுள்ள லோகமான்ய திலக் ஆஸ்பத்திரியில் குடல் மருத்துவத்துக்கென்று தனித் துறையும் உயர் பட்டப்படிப்பும் உண்டு. தாதரைத் தாண்டிப் பரேலில் 1926 முதல் இருக்கும் கேஇஎம், மும்பை சென்ட்ரலில் நாயர், பைகுலாவில் மாநில அரசின் ஜேஜே. இவை எல்லாமே கற்பிக்கும் ஆஸ்பத்திரிகள். பயிற்சி டாக்டர் குழாய் விடுவார் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பக்கத்தில் பேராசிரியர் நிற்கிறார்; நாள்தோறும் செய்து பழகிய கை அது. குடல் காசநோய், கிரோன் போன்ற குழப்பமான நோய்களுக்கு, இவ்வளவு விதமான நோயாளிகளைப் பார்க்கும் இடம் சின்னத் தனியார் மையத்தைவிட மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. குறை என்னவென்றால் காத்திருப்பு. சில நேரம் மயக்கமில்லாமலோ லேசான ஊசியோடோ செய்வார்கள், வலிக்கும். ரத்த சோகை, எடைக் குறைவு, அடைப்பு போல வயிற்று வீக்கம் இருந்தால் அதை ஓபிடியில் அழுத்திச் சொல்ல வேண்டும். அவசர வரிசை வேறு.

நடுவில் இருப்பவை அறக்கட்டளை ஆஸ்பத்திரிகள். சயான் கிழக்கில் சோமையா, மாகிமில் இந்துஜா போன்றவை. இந்த வகை ஆஸ்பத்திரிகளுக்கு மகாராஷ்டிரத்தில் ஒரு கடமை உண்டு, பலருக்குத் தெரியாது. பொது அறக்கட்டளைச் சட்டத்தின் 41ஏஏ பிரிவின் கீழ், 2006இல் மும்பை உயர் நீதிமன்றம் ஏற்ற திட்டப்படி, படுக்கைகளில் 10 சதவீதம் ஏழைகளுக்கு இலவசமாகவும் இன்னொரு 10 சதவீதம் குறைந்த வருமானக்காரர்களுக்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும். வருமான வரம்பு ஆண்டுக்கு முதல் பிரிவுக்கு 1,80,000 ரூபாய், இரண்டாம் பிரிவுக்கு 3,60,000 ரூபாய். வரவேற்பு மேசையில் இதைச் சொல்ல மாட்டார்கள். மெடிக்கல் சோஷியல் வொர்க்கர் யார் என்று கேட்டு அவரிடம் போக வேண்டும். ரேஷன் கார்டும் வருமானச் சான்றிதழும் கேட்பார்கள். குர்லா தாலுகாவின் தாசில்தார் அலுவலகம் முலுண்டில் இருக்கிறது. சோதனைக்கு நாள் குறிக்கும் முன்பே அங்கே போய்ச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

அரசுக் காப்பீட்டை நம்பி இறங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மகாத்மா ஜோதிராவ் பூலே திட்டமும் ஆயுஷ்மான் பாரத்தும் முக்கியமாகப் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானவை. வெறும் சோதனைக்கான கொலனோஸ்கோபி பொதுவாக அவற்றில் வராது. நோய் உறுதியாகி அறுவையோ கீமோவோ தொடங்கும்போது அவை பெரிய துணை. தனியார் ஹெல்த் பாலிசியும் அப்படியே. சோதனைக்காக மட்டும் அட்மிட் ஆவதை எல்லா பாலிசிகளிலும் உள்ள பொது விலக்கு ஒதுக்கிவிடும். பாலிப் எடுத்தால் அது டே கேர் சிகிச்சையாகக் கணக்கில் வரலாம். முன்னமே காப்பீட்டுக் கோரிக்கைகளைக் கவனிக்கும் டிபிஏவிடம் எழுதிக் கேட்டு வைத்துக்கொண்டால் பின்னால் வாதாட ஆதாரம் இருக்கும்.

தனியாரில் செம்பூர், காட்கோபர், குர்லா எங்கும் குடல் டாக்டர்கள் தாமே நடத்தும் எண்டோஸ்கோபி மையங்கள் நிறைய. பணம் கொஞ்சம் கொடுக்க முடிந்த, வேறு பெரிய நோய் இல்லாத ஐம்பது வயதுக்காரருக்கு, வாரத்தில் பல தடவை இதைச் செய்யும் டாக்டரின் மையம் கார்ப்பரேட் ஆஸ்பத்திரிக்குச் சமமானதுதான், செலவு பாதி. ஆனால் இதய நோய், மூச்சுத் திணறல், மிக வயதானவர் என்றால் மயக்க டாக்டரும் ஐசியுவும் உள்ள இடம்தான் வேண்டும். ஆயிரத்தில் ஒருவருக்கு அல்லது அதைவிடக் குறைவாகக் குடலில் ஓட்டை விழலாம். பாலிப் எடுத்த பிறகு ரத்தம் கசியலாம். அப்போது அறுவை மருத்துவர் கையருகே இருக்க வேண்டும்.

ஊருக்குப் போய்ச் செய்துகொள்கிறோம் என்பதும் நம் மக்கள் சொல்வதுதான். கோடை விடுமுறையில் திருநெல்வேலி, மதுரை, அல்லது வழியில் வேலூர் சிஎம்சி. இதில் நியாயம் உண்டு: சொந்த வீடு, வீட்டுக்குள் கக்கூஸ், கவனிக்க ஆள், டாக்டரிடம் தமிழிலேயே சொல்லலாம். மதுரை, தஞ்சாவூர், திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரிகளில் உயர் சிகிச்சைக் கட்டடங்களும் வந்திருக்கின்றன. தமிழ்நாட்டு ரேஷன் கார்டு இல்லாதவருக்கு அங்கே முதல்வர் காப்பீடு கிடைக்காது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்தொடர் சிகிச்சை தேவைப்படாத, அவசரமில்லாத சோதனைக்கு அது நல்ல வழி. ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது மே மாதம் வரை காத்திருக்க வேண்டாம். பயாப்சி ரிப்போர்ட் வர ஒரு வாரமாவது ஆகும். அதற்குள் திரும்பும் டிக்கெட் போட்டிருந்தால் ரிப்போர்ட் அங்கேயும் நீங்கள் இங்கேயும் இருப்பீர்கள்.

சோதனை முடிந்ததும் கையில் வாங்க வேண்டியவை சில உண்டு. படங்களோடு ரிப்போர்ட், எடுத்த பாலிப்பின் அளவும் இடமும், அடுத்து எப்போது செய்ய வேண்டும் என்ற குறிப்பு. பயாப்சி முடிவு வந்ததும் அந்தக் குறிப்பை மறுபடி கேட்க வேண்டும், ஏனென்றால் சாதாரண பாலிப்புக்குப் பல வருட இடைவெளி விடலாம், சிலவற்றுக்கு மூன்று வருடத்தில் திரும்ப வர வேண்டும். ரிப்போர்ட்டில் காசநோய் என்றால் அருகிலுள்ள மாநகராட்சி மருந்தகத்தில் மாத்திரை இலவசம். புற்றுநோய் என்றால் டாடாவில் கண்ணாடித் துண்டுகளையும் மெழுகுக் கட்டிகளையும் கேட்பார்கள். அங்கே தாமே மறுபடி பார்ப்பார்கள். அவற்றை லேபிலிருந்து எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். கொலனோஸ்கோபி செய்த இடம் எந்த லேபுக்கு அனுப்பியது என்பதை அன்றே எழுதி வாங்கியிருந்தால், அந்தப் பெட்டியைத் தேடி அலைய வேண்டியிருக்காது.